நின்ற குரல்

கரட்டுப்பட்டியில் யாரும் மெதுவாகப் பேசியதில்லை. ஊரைச் சுற்றி நின்ற ஜல்லிக் கிரஷர்கள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மலையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்ததால், அங்கே தாலாட்டையும் கத்தித்தான் பாடினார்கள், ரகசியத்தையும் கத்தித்தான் சொன்னார்கள், சாமியிடம் வேண்டிக்கொள்வதையும் கத்தித்தான் வேண்டிக்கொண்டார்கள். அரைபட்ட மலை வெள்ளைத் தூசியாக எழும்பி முருங்கை இலையிலும், காயப்போட்ட சேலையிலும், தூங்குகிற பிள்ளைகளின் இமையிலும் படிந்து, மிச்சமிருந்தது தொண்டைக்குள் இறங்கியது. அதனால் அந்த ஊரில் பிறந்தவர்களுக்கும் வாழ வந்தவர்களுக்கும் நாளாவட்டத்தில் ஒரே கரகரப்பு வந்துசேர்ந்தது. பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், ஊருக்கே சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, காபியைக் குடிக்காமல் எழுந்து போனதும் உண்டு.

அந்த ஊரில்தான் செங்கோடனின் குரல் நின்றது. நின்றது என்றால் ஓய்ந்துபோகவில்லை. ஊர்ச் சமுதாயக் கூடத்தின் நடுவில், ஒரு மனிதனின் வாய் உயரத்தில், ஆணி அடித்தாற்போல நின்றது.

செங்கோடன் பாறைக்குழியில் வெடி வைப்பதற்கு முன்னால் ஆட்களை விலகச் சொல்லிக் கத்துகிறவனாக இருந்தான். குழியின் விளிம்பில் ஏறி நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, "வெடியோய்... வெடி!" என்று அவன் நீட்டி முழக்கினால், குழிக்குள் கல் உடைக்கிறவர்கள் மட்டுமல்ல, பக்கத்து ஊரில் மாடு மேய்க்கிறவர்கள்கூட ஒரு முறை தலையைக் குனிந்துகொள்வார்கள். பிறகு அவன் குரலும் நைந்தது. ஒருநாள் அவன் கத்தியது கீழே எட்டாமல் போய், ஒருவனுடைய காலில் கல் விழுந்தது. முதலாளி வையாபுரி மின்சாரச் சங்கு ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, செங்கோடனைக் கிரஷரில் கல் கொட்டுகிற வாயருகே நிறுத்தினார். அங்கேதான் தூசி அதிகம். அவனுடைய மனைவி பாவாயி அதே கிரஷரில் ஜல்லி அள்ளிப் போட்டாள். இருவரும் பகலெல்லாம் ஒரே தூசிக்குள் நின்றாலும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

மருத்துவ முகாம் என்று ஊராட்சியில் தண்டோரா போட்டபோது, வழக்கம்போலக் கண்ணுக்கும் சர்க்கரைக்கும்தான் என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் போனார்கள். அங்கே ஜெசிந்தா என்ற பெண் ஒரு மடிக்கணினியையும் ஒரு மைக்கையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகரத்து மருத்துவமனை ஒன்றில் பேச்சுக் கோளாறுகளுக்குச் சிகிச்சை தருகிறவள். நாகர்கோவில் பக்கத்துக்காரி. மனிதக் குரலை வாங்கி அக்கு அக்காகப் பிரித்துக் காட்டுகிற மென்பொருள் ஒன்று அவளிடம் இருந்தது. தொண்டையின் உள்ளே இருக்கிற இரண்டு சவ்வுகளும் எவ்வளவு வேகமாகத் துடிக்கின்றன, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் தாளம் எவ்வளவு பிசகுகிறது, சத்தம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது, குரலோடு வெறும் காற்றின் இரைச்சல் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதையெல்லாம் அது அலைகளாக வரைந்து காட்டும். ஊர்க்காரர்கள் அதற்குத் தொண்டை போட்டோ என்று பெயர் வைத்தார்கள்.

செங்கோடன் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"அண்ணா, மூச்சை நல்லா இழுத்துக்கோங்க. 'ஆ'ன்னு சொல்லுங்க. ஏத்தாம, இறக்காம, ஒரே சீரா. மூச்சு இருக்கற வரைக்கும் சொன்னாப் போதும்," என்றாள் ஜெசிந்தா.

"ஊசி கீசி ஒண்ணுமில்லீங்களே?"

"ஒண்ணும் கிடையாது. உங்க குரலை மட்டும்தான் எடுத்துக்குவேன்."

அவன் மூச்சை இழுத்து 'ஆ' என்றான். திரையில் நீலக் கோடு ஒன்று நடுங்கியபடி ஓடியது. அவனுடைய முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, மூச்சு தீர்ந்தது, அவன் வாயை மூடிக்கொண்டான். குரல் மூடிக்கொள்ளவில்லை. கோடு ஓடிக்கொண்டே இருந்தது. ஜெசிந்தா நிறுத்துகிற பொத்தானை அழுத்தினாள், மைக்கின் ஒயரைப் பிடுங்கினாள், மடிக்கணினியை மூடினாள். மூடிய பிறகும் அந்த 'ஆ' மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவில், ஏறாமல் இறங்காமல் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்பதற்காகச் செங்கோடன் வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது.

அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்ற அங்கம்மா எட்டிப் பார்த்தாள். "அவரு முடிக்கறாரா இல்லியா? எனக்கு அடுப்புல சோறு கெடக்குது," என்றாள்.

அவளை நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு உட்காரவைத்தார்கள். அவளுடைய 'ஆ' அவளுடைய மூச்சோடு முடிந்தது. அதற்கடுத்து வந்தவர்களுக்கும் அப்படியே.

தகவல் கிரஷருக்குப் போய், தலையில் கட்டிய துண்டோடு பாவாயி ஓடிவந்தாள். கூடத்தின் நடுவில் நின்ற குரலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். அது தன் புருஷனுடையதுதான் என்று தெரிந்ததும் அதைப் பார்த்து, "வாங்க, ஊட்டுக்குப் போலாம். ஊரு சிரிக்கறதுக்கு முன்ன வாங்க," என்றாள். குரல் அசையவில்லை. பிறகு அவள் செங்கோடனின் பக்கம் திரும்பி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் ஜெசிந்தாவிடம், "குரலை எடுத்துக்குவேன்னு சொல்லி எடுத்தே போட்டியே அம்மிணி," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் ஜெசிந்தாவை வெகுநாள் அறுத்தது.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. ஊராட்சித் தலைவர் முதலில் மின்வாரிய ஊழியர் ஒருவரை அழைத்துவந்து, இது கரண்ட் ஏதும் இழுக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அவர் தன்னுடைய டெஸ்டரைக் குரலுக்குள் நீட்டிப் பார்த்தார். விளக்கு எரியாததால், "இது நம்ம லைன் இல்லீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். பூசாரி மஞ்சள் கயிறு கொண்டுவந்தார். கட்டுவதற்கு உடம்பு எதுவும் இல்லாததால், அதன் கீழே இருந்த நாற்காலியின் காலில் கட்டிவிட்டு, இனி யாரும் இந்த நாற்காலியை நகர்த்தக் கூடாது என்றார். அந்த மாதமே கூடத்தில் ஒரு கல்யாணம் இருந்தது. பெண் வீட்டார் முதலில் முகம் சுளித்தார்கள். நாதஸ்வரக்காரர் வந்து சிறிது நேரம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் தன் சீவாளியை அதற்கு ஏற்றபடி சரிசெய்துகொண்டார், சுருதிக்கு ஒத்து ஊதுகிறவருக்கு அன்றைக்கு வேலை இல்லாமல் போனது. அதன் பிறகு மகளிர் குழுக் கூட்டங்கள் அதைச் சுற்றியே நடந்தன. அழுகிற கைக்குழந்தைகளை அதனடியில் கொண்டுவந்து போட்டால் தூங்கின. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காகிதத் துண்டுகளை அதற்குள் தூவி, அவை அந்தரத்தில் குதிப்பதைப் பார்த்தார்கள். கையை வைத்தால் ஓடுகிற லாரியின் பேனட்டைத் தொட்டதுபோல அதிர்ந்தது. வெளியூரிலிருந்து வழி கேட்டு வருகிறவர்களுக்கு, "ஆ-வுக்கு மேக்கால போனீங்கன்னா ரேசன் கடை," என்று சொல்லும் அளவுக்கு அது ஊரில் ஒரு ஆளாகிவிட்டது.

செங்கோடன்தான் ஊரில் ஆளாக இல்லாமல் போனான். கத்தத் தெரிந்தவர்கள் நடுவில் கத்த முடியாதவன்மேல் யாருக்கும் கவனம் இருப்பதில்லை. டீக்கடையில் அவன் விரலைக் காட்டிவிட்டு நின்றால், அவனுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் குடித்துவிட்டுப் போவார்கள். வேலை முடிந்து வருகிற வழியில் அவன் கூடத்துக்குப் போய், தன் குரலின் முன்னால் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பான். அது உள்ளே வந்துவிடும் என்று நம்பினான். தூசிதான் உள்ளே போனது. வீட்டில் பாவாயி இரண்டு பேருக்கும் சேர்த்துத் தானே பேசினாள். "குழம்புல உப்புக் கம்மின்னு சொல்றீங்களா? சரி, கம்மிதான். நாளைக்குச் சேத்திப் போடறேன்," என்பாள். அவன் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான், உப்பும் சரியாகத்தான் இருக்கும்.

ஜெசிந்தா அந்தக் குரலை விடவில்லை. மருத்துவமனையில் யாரும் அவள் சொன்னதை நம்பவில்லை, அவளும் நம்பவைக்க முயலவில்லை. விடுமுறை கிடைத்தபோதெல்லாம் பேருந்து பிடித்துக் கரட்டுப்பட்டிக்கு வந்து, குரலின் முன்னால் மைக்கை நீட்டி அளந்தாள். அளக்க அளக்க அவளுக்கு ஒன்று தெளிவாயிற்று. குரல் சீக்காகிக்கொண்டிருந்தது. ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் இடையே இருந்த பிசகு பெருகிக்கொண்டே போனது. நீலக் கோட்டின் ஓரம் பிசிறடித்தது. காதுக்கு வித்தியாசம் தெரியாத நாட்களிலும் மென்பொருள் அதை முன்கூட்டியே காட்டியது. மாசி, பங்குனியில் கிரஷர்கள் இரவு பகலாக ஓடியபோது காதுக்கும் தெரிந்தது. ஒருநாள் குரல் உடைந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது. கூடத்தில் காய்கறி ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பாவம், தண்ணி குடுக்கறதுக்கும் வழியில்ல," என்றார்கள்.

அன்றைக்குத்தான் ஜெசிந்தா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பாவாயியின் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, உங்க முதலாளி என்ன சொல்றாரு? இங்க எல்லாருக்கும் தொண்டையும் நெஞ்சும் கெடறது எதனாலன்னு சொல்றாரு?"

"பீடி குடிக்கறீங்க, சாராயம் குடிக்கறீங்க, அதனாலம்பாரு. நாங்க பொம்பளைங்க இருமுனா, ஊட்டுக்காரன் உட்ட புகைய இழுத்தோம்பாரு. அந்தப் பேச்சுல தானே முந்தி வந்த விசாரணையெல்லாம் திரும்பிப் போச்சு."

"இந்தக் குரல் பீடி குடிக்கலையே, அக்கா. சாராயம் குடிக்கலையே. அதுக்கு வாயே கிடையாது. சும்மா கூடத்துல நிக்குது. அதுக்கும் சீக்கு வருது. காத்தைத் தவிர அதுக்குள்ள வேற எது போகும்?"

 சுவரோரம் உட்கார்ந்திருந்த செங்கோடன் எழுந்து வந்து, திரையில் இருந்த பிசிறடித்த கோட்டின்மேல் விரலை வைத்து, அது முடியும் இடம்வரை மெதுவாக இழுத்துக்கொண்டு போனான்.

ஜெசிந்தா மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் புகார் எழுதி அனுப்பினாள். ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். போடப் பயந்தவர்கள் ரேகை வைத்தார்கள், ரேகை யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு. அதிகாரி ஒருவர் நேரில் வந்து விசாரிப்பார், குரலையும் கேட்பார் என்று பதில் வந்தது.

வையாபுரி கெட்டவரைப் போல நடந்துகொள்ளவில்லை. யாரையும் மிரட்டவில்லை. கூடத்துக்கு ஆட்களை அனுப்பி, சன்னல்களின் இடத்தில் பெரிய கண்ணாடிகளைப் பதித்தார், கதவிடுக்கில் ரப்பர் ஒட்டினார், இரண்டு ஏசி மாட்டினார், காற்றைச் சலிக்கிற எந்திரம் ஒன்றையும் மூலையில் வைத்தார். "நம்ம செங்கோடன் குரலு. நாம பாத்துக்காம யாரு பாத்துக்குவா?" என்றார். வாசலில் ஒரு காவலாளி உட்கார்ந்தான். செங்கோடனையும் பாவாயியையும், அளக்க வருகிற ஜெசிந்தாவையும் தவிர வேறு யாரையும் அவன் உள்ளே விடுவதில்லை. ஊர் வெளியே நின்று கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தது. இருமுகிறவர்களை வீட்டார் கைத்தாங்கலாக அழைத்துவந்து, கண்ணாடியில் சாய்த்து உட்காரவைத்தார்கள். உள்ளே இருந்த நல்ல காற்று கண்ணாடியின் வழியாகக் கொஞ்சமாவது கசியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அங்கம்மாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். வாயை மூடிய சேலைத் தலைப்பில் இரத்தப் பொட்டுகள் இருந்தன.

நல்ல காற்றில் குரல் தேறியது. முதலில் பிசிறு போயிற்று. பிறகு நடுக்கம் குறைந்தது. பிறகு அது, முகாமுக்கு வந்த அன்று இருந்ததைவிடத் தெளிந்து, பின்னோக்கிப் போய், வெடிக்குழியின் விளிம்பில் நின்று கத்திய காலத்துக் குரலாகி, அதற்கும் முன்னால் போயிற்று. ஒரு மத்தியானம் பாவாயி உள்ளே போனவள், கதவருகிலேயே நின்றுவிட்டாள். கல்யாணமான புதிதில் சந்தைக்குப் போன இடத்தில் கூட்டத்தில் அவள் தொலைந்தபோது, கடை கடையாக அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வந்த குரல் அது. அதை அவள் மறந்துபோயிருந்தாள் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அதோடு இன்னொன்றும் நடந்தது. செங்கோடன் நாற்காலியில் உட்கார்ந்தால், குரல் தன் இடத்தை விட்டு அவன் பக்கம் சாய ஆரம்பித்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நெருங்கியது. அவனுடைய உதட்டில் அதிர்வு பட்டது.

"உள்ள வரப் பாக்குது," என்றாள் பாவாயி. "அம்மிணி, உள்ள வந்துருமா?"

ஜெசிந்தா அளந்து பார்த்தாள். ஒரு பிசகும் இல்லை. அத்தனை சுத்தமான கோட்டை அவள் வேறு எவரிடமும் எடுத்ததில்லை. "எனக்குத் தெரியல அக்கா. வரும்னுதான் தோணுது," என்றாள். அப்படிச் சொல்லும்போதே, இந்தச் சுத்தமான கோட்டைத்தான் அதிகாரி வந்து பார்க்கப்போகிறார் என்பது உறைத்து, மடிக்கணினியை மூடினாள்.

வையாபுரியும் ஒருமுறை வந்தார். செங்கோடனின் தோளில் கைவைத்து, "இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துக்கப்பா. விசாரணை முடிஞ்சதும் இந்த ரூமு உனக்குத்தான். குரலு உள்ள போற வரைக்கும் உக்காந்துக்க. யாரு கேக்கறா?" என்றார். செங்கோடன் அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே சாய்ந்திருந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி வந்த அன்று, வழக்கம்போல எல்லாக் கிரஷர்களும் ஓடின. வெளியே வெள்ளைப் புழுதி. உள்ளே குளிர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த அதிகாரி, நாற்பது வருட உத்தியோகத்தில் எதற்கும் ஆச்சரியப்படுவதை நிறுத்திவிட்ட மனிதர். அவர் குரலின் முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டார். பக்கத்தில் ஒரு தட்டச்சர் உட்கார்ந்தார். செங்கோடன் நாற்காலியில் இருந்தான், குரல் அவன் உதட்டுக்கு வெகு அருகில் இருந்தது. பாவாயி அவனுக்குப் பின்னால் நின்று அவன் சட்டையின் முதுகைப் பிடித்திருந்தாள்.

ஜெசிந்தா பழைய கோடுகளைக் காட்டினாள். ஒவ்வொரு மாதமும் குரல் எப்படிச் சிதைந்தது, கண்ணாடி போட்ட பிறகு எப்படித் தேறியது என்று விளக்கினாள்.

"அந்தப் பழைய கோடெல்லாம் இந்தக் குரலோடதுதான்னு நான் எப்படிம்மா எடுத்துக்கறது?" என்றார் அதிகாரி. "நான் கேட்டதைத்தான் நான் எழுத முடியும். இப்ப என் காதுல கேக்கற குரல் நல்லா இருக்கு. இவ்வளவு நல்ல குரலை நான் கேட்டே ரொம்ப நாளாச்சு."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்," என்றார் வையாபுரி. "இந்த ஊருக் காத்துலதானே இத்தனை காலமா நிக்குது? காத்துல கோளாறு இருந்தா இப்பிடி இருக்குமுங்களா? எல்லாம் இவிய பழக்க வழக்கமுங்க."

தட்டச்சர் அதை அடிக்க ஆரம்பித்தார்.

செங்கோடன் எழுந்தான். குரல் அவன் முகத்தோடு கூடவே கொஞ்சம் எழுந்தது. தான் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியை அவன் தூக்கியபோது, அவன் என்ன செய்யப்போகிறான் என்று அந்த அறையில் பாவாயிக்கு மட்டும்தான் தெரிந்தது.

"வேண்டாங்க," என்றாள். சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டாள். "வந்துருச்சுங்க. உதட்டுக்கு வந்துருச்சு. இன்னிக்கு நாளைக்கு உள்ள போயிருமுங்க. நீங்க ஒருத்தரு பேசாட்டி ஊரு என்ன குடியா முழுகிப் போகும்? வேண்டாங்க... ஏனுங்க..."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டான். அவசரப்படவில்லை. பிறகு நாற்காலியைச் சன்னலின்மேல் வீசினான்.

முதல் கண்ணாடி உடைந்தபோது வெளியே சாய்ந்திருந்தவர்கள் அலறிக்கொண்டு விலகினார்கள். இரண்டாவதை அவன் உடைத்தான். மூன்றாவதை உடைக்கும்போது காவலாளி ஓடிவந்து இடுப்பைப் பிடித்தான். நான்காவதை வெளியிலிருந்து யாரோ கல்லால் உடைத்தார்கள், யார் என்று அன்றும் பிறகும் ஊர் சொல்லவில்லை. குளிர் ஒரே மூச்சில் வெளியே போயிற்று. கிரஷர்களின் இரைச்சலும் வெள்ளைத் தூசியும் உள்ளே வந்தன.

குரல், சுத்தத்துக்குப் பழகிப்போன குரல், தாங்கவில்லை. முன்பு மாதக்கணக்கில் நடந்தது இப்போது எல்லோர் கண்முன்னாலும் நடந்தது. முதலில் அதன் விளிம்பு பிசிறியது. ஜெசிந்தா மைக்கை நீட்டினாள். திரையில் கோடு முள்ளுமுள்ளாக நின்றது. அதிகாரி போய்விட நினைத்து எழுந்தார். அவருக்கும் இருமல் வந்து, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். வையாபுரி, "கிரசரை நிறுத்தச் சொல்லு! போன் போடு!" என்று கத்தினார். கிரஷர் இரைச்சலில் அந்தப் பக்கம் போனை யாரும் எடுக்கவில்லை. செங்கோடனின் குரல் இளமையிலிருந்து நடுவயதுக்கு வந்தது, நடுவயதிலிருந்து கரகரப்புக்கு வந்தது, உடைந்தது, ஒட்டியது, மறுபடி உடைந்தது. பிறகு, அத்தனை காலமும் 'ஆ' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாத அது, இருமியது. வாய் இல்லாமல், நெஞ்சு இல்லாமல், வெறும் காற்றில் நின்றுகொண்டு இருமியது. சன்னலுக்கு வெளியே இருந்த கூட்டம் ஒரு சத்தமும் போடாமல் கேட்டது. அந்த ஊர் ஒன்றாகச் சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தது அப்போதுதான்.

பொழுது சாய்கிற நேரத்தில், குரல் போய், குரலுக்குள் இருந்த இரைச்சல் மட்டும் மிஞ்சியது. பிறகு அதுவும் இல்லை. திரையில் கோடு படுத்துக்கொண்டது.

 அதிகாரி, தட்டச்சர் முன்பு அடித்திருந்த தாளை உருவி எடுத்து, நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "புதுத் தாள் போடுங்க," என்றார்.

பாவாயி செங்கோடனின் முன்னால் வந்து நின்றாள். இரண்டு கைகளாலும் அவனுடைய நெஞ்சில் அடித்தாள். "எம் பேரைச் சொல்லி ஒருக்காக் கூப்பிட்டுட்டு உடைச்சிருக்கலாமுல்ல," என்றாள். "ஒரே ஒருக்கா." அவன் அடியை வாங்கிக்கொண்டு நின்றான். கண்ணாடி கிழித்த அவன் முழங்கையிலிருந்து இரத்தம் சொட்டியது. அடித்து ஓய்ந்த பிறகு அவள் தன் முந்தானையைக் கிழித்து அதைக் கட்டினாள்.

உத்தரவு வந்தது. கிரஷர்களுக்குத் தகரக் கொட்டகை போட வேண்டும், கல்லின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டேதான் அரைக்க வேண்டும், அதுவரை பாறைக்குழியும் கிரஷர்களும் மூடியிருக்க வேண்டும் என்று வந்தது. மூடினார்கள். வையாபுரி தன் எந்திரங்களில் பாதியைக் கழற்றி, மலை இருக்கிற வேறு ஊருக்கு ஏற்றிக்கொண்டு போனார். அந்த ஊரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கரட்டுப்பட்டியில் வேலை இல்லாமல் ஒரு குடும்பம் போயிற்று, பிறகு இன்னொன்று போயிற்று. இருந்தவர்கள் அந்த அமைதியில் என்ன செய்வது என்று தெரியாமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடமும் கத்தியே பேசினார்கள். கூடத்துக்கு மறுபடி கண்ணாடி போட யாரும் இல்லை. குரல் நின்ற இடத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும், கூட்டிப் பெருக்குகிறவள்கூட அந்த இடத்தைச் சுற்றித்தான் போனாள். அங்கம்மா ஆடியில் இருமி இருமியே போய்ச்சேர்ந்தாள். செங்கோடன் ஐப்பசி மழை தொடங்கியபோது போனான். நெஞ்சுக்குள் கல் கட்டியிருக்கிறது என்று மருத்துவர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைசி நாட்களில் அவன் பாவாயியின் கையைத் தன் தொண்டைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். சொல்வதற்கு ஏதோ இருந்தது. அவள் அதையும் தானே சொல்லிப் பார்த்தாள், ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றுக்கும் அவன் இல்லையென்று தலையசைத்தான். எது என்று தெரியாமலேயே போய்விட்டது.

எழவு வீட்டில் பெண்கள் பாவாயியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அழுதுரு பாவாயி. நெஞ்சுல வெக்காத. கத்தி அழுதுரு," என்றாள் நாத்தனார். பாவாயி தலையை ஆட்டினாள். ஜெசிந்தாவும் வந்திருந்தாள். அவளைப் பக்கத்தில் இழுத்து, காதில், கரட்டுப்பட்டியில் யாரும் பேசிக் கேட்டிராத மெல்லிய குரலில் பாவாயி சொன்னாள்:

"வாயத் தொறந்தா என் அழுகையும் அவரு குரலாட்டம் நின்னு போயிருமோன்னு பயமா இருக்குது, அம்மிணி. இந்த ஊட்டுக்குள்ள நின்னு போச்சுன்னா, நான் எப்பிடி இதுக்குள்ளயே சோறாக்கித் திங்கறது?"



உடம்பை எடுத்துக்கொண்டு ஆண்கள் போன பிறகு, பாவாயி எழுந்து வெளியே நடந்தாள். பெண்கள் தடுத்தார்கள், அவள் நிற்கவில்லை. மழை விட்டு, வெளிச்சம் இருந்தது. ஜெசிந்தா கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனாள். பாவாயி மூடிக்கிடந்த பாறைக்குழியின் விளிம்புவரை போய் உட்கார்ந்தாள். அடியில் மழைத்தண்ணீர் பச்சையாகத் தேங்கியிருந்தது. எதிரே அறுத்துப்போட்ட பாறை சுவர்போல நின்றது. அவள் வாயைத் திறந்தாள்.

அந்த அழுகை குழியைத் தாண்டிப் போய், பாறையில் மோதி, கொஞ்சம் மெலிந்து திரும்பி வந்தது. பிறகு இன்னும் மெலிந்து ஒருமுறை வந்தது. பிறகு வரவில்லை. பாவாயி கையை முன்னால் நீட்டி, எதிரே இருந்த காற்றைத் தடவிப் பார்த்தாள், இடப்பக்கம், வலப்பக்கம், தன் வாய் உயரத்தில். எங்கேயும் எதுவும் அதிரவில்லை.

அப்புறம்தான் அவள் முழுவதுமாக அழத் தொடங்கினாள்.